பம்ப் கைப்பிடியும் டாக்டர் ஜான் ஸ்னோவும்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் சம்ப் தண்ணீரை வருடத்துக்கு இரண்டு முறை லேபுக்கு அனுப்புவது பற்றிப் பேச்சு வந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, வாடை இல்லை, ருசியும் நன்றாகவே இருக்கிறது, பிறகு எதற்கு இந்தச் செலவு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அன்று மேடையில் இருந்த யாரும் அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் லண்டன் மாநகரில் இருந்த ஒரு தெருப் பம்ப் ஞாபகத்துக்கு வந்தது. 1854ஆம் ஆண்டில் அந்தப் பம்ப்பை மக்கள் விரும்பியதற்கும் இதே மூன்று காரணங்கள்தான். அதைச் சந்தேகித்த டாக்டரைப் பற்றி இந்த இதழில் எழுதலாம் என்று தோன்றியது.

ஜான் ஸ்னோ 1813 மார்ச் 15 அன்று இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தார். அப்பா கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் ஜான் தான் மூத்தவர். வீடு ஊஸ் ஆற்றங்கரையில், வெள்ளம் வந்தால் தண்ணீர் ஏறும் ஏழைகள் தெருவில் இருந்தது. கணக்கில் கெட்டிக்காரப் பையன். பதினான்கு வயதில் அவரை நியூகாசில் நகரத்தில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழக அனுப்பிவிட்டார்கள்.

அங்கே இருந்தபோதுதான் காலராவை முதன்முதலில் பார்த்தார். நம் பெரியவர்கள் வாந்திபேதி என்று சொல்வார்களே, அதேதான். 1817இல் வங்காளத்தில் கிளம்பி, வியாபாரத்தோடும் படைகளோடும் கப்பல்களோடும் நகர்ந்து 1831இல் இங்கிலாந்தை எட்டியிருந்தது. பதினெட்டு வயது ஸ்னோவைப் பக்கத்திலிருந்த கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்க்க அனுப்பினார்கள். காலையில் திடமாக இருந்தவர் மாலையில் உடம்பின் நீரெல்லாம் வற்றி, தோல் நீலம் பாரித்து இறந்துபோவதைப் பார்த்தார். சுரங்கத்துக்குள் கழிப்பிடம் கிடையாது, கை கழுவத் தண்ணீர் கிடையாது. வேலைக்கு நடுவே அந்தக் கையோடுதான் கொண்டுவந்ததைச் சாப்பிட வேண்டும். இதை அவர் மறக்கவே இல்லை. பல வருடம் கழித்துத் தன் புத்தகத்தில் இதை ஒரு சான்றாகவே வைத்தார்.

இன்னொரு பழக்கமும் அந்த வயதிலேயே வந்துவிட்டது. பதினேழு வயதில் அசைவத்தை விட்டார், பிறகு மதுவையும் விட்டார். குடிப்பதற்குச் சுத்தப்படுத்திய தண்ணீர்தான் வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இப்படி ஒருவர் இருந்தால் கிறுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1836இல் லண்டன் வந்து மருத்துவம் படித்தார். 1844இல் எம்.டி. பட்டம் வாங்கினார். ஸோஹோ வட்டாரத்தில் சின்னதாக ஒரு கிளினிக். குரல் கரகரப்பு, கூச்ச சுபாவம், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மருத்துவச் சங்கக் கூட்டங்களில் எழுந்து பேசினால் ஆரம்பத்தில் யாரும் காது கொடுக்கவில்லையாம். விடாமல் போய்ப் பேசினார்.

உயிரோடு இருந்தவரை அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது காலரா ஆராய்ச்சி அல்ல, மயக்க மருந்து. 1846 கடைசியில் ஈதர் லண்டனுக்கு வந்தது, அடுத்த வருடம் குளோரோஃபார்ம். கைக்குட்டையில் ஊற்றி மூக்கில் வைத்தால் போதும் என்று டாக்டர்கள் ஆளாளுக்கு இறங்கினார்கள். கால் நகம் எடுக்கும் சாதாரண சிகிச்சையில் ஒரு 15 வயதுப் பெண் இறந்தே போனாள். எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆவி காற்றில் கலக்கும், எவ்வளவு உள்ளே போனால் மனிதன் உறங்குவான், எவ்வளவில் சாவான் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர் ஸ்னோ. அளவாகக் கொடுக்கக் கருவியும் செய்தார். 1853 ஏப்ரலில் விக்டோரியா மகாராணி எட்டாவது பிள்ளை பெற்றபோது, வலி தெரியாமல் இருக்க 53 நிமிடம் குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவர்தான். பிரசவ வலியைக் குறைப்பது சரியா என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்த பல வாய்கள் அதோடு அடங்கின.

இந்த ஆவி ஆராய்ச்சியை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலராவைப் பற்றி அன்றைய அரசாங்கமும் பெரிய டாக்டர்களும் நம்பியது நச்சுக்காற்று. சாக்கடையும் குப்பையும் அழுகி வரும் நாற்றமே நோய் என்பது அவர்கள் கட்சி. இதை முட்டாள்தனம் என்று நாம் சிரித்துவிட முடியாது. நாற்றம் அடிக்கும் ஏழைத் தெருக்களில்தானே நோய் அதிகம் வந்தது? ஸ்னோ மட்டும் வேறு மாதிரி யோசித்தார். ஆவி என்பது தூரம் போகப் போக நீர்த்துப்போகும் என்று அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். காற்றில்தான் விஷம் என்றால் சாக்கடைக்குப் பக்கத்தில் வேலை செய்பவன் அல்லவா முதலில் விழ வேண்டும்? மூச்சில் போவது என்றால் நுரையீரல் அல்லவா முதலில் கெட வேண்டும்? காலரா வயிற்றில்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே அது வாய் வழியாக, விழுங்கப்பட்டு உள்ளே போகிறது. நோயாளியின் கழிவில் இருப்பது எப்படியோ இன்னொருவர் குடிக்கும் தண்ணீரில் சேர்கிறது. 1849இல் இதை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். படித்தவர்கள் பாராட்டினார்கள், ஆனால் நிரூபணம் எங்கே என்று கேட்டார்கள்.

அதற்குள் அரசாங்கம் தன் நம்பிக்கைப்படி ஒரு வேலை செய்து முடித்திருந்தது. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான், அதுதான் வயிற்றெரிச்சல். எட்வின் சாட்விக் என்ற சீர்திருத்தவாதியின் தூண்டுதலில், வீட்டுக்கடியில் நாறிக்கொண்டிருந்த கழிவுக் குழிகளை ஆயிரக்கணக்கில் மூடி, எல்லாவற்றையும் சாக்கடை வழியாகத் தேம்ஸ் ஆற்றில் விட்டார்கள். வீட்டுக்குள் நாற்றம் குறைந்தது. ஆனால் லண்டனின் குடிநீர் கம்பெனிகளில் பல அதே ஆற்றிலிருந்துதான் தண்ணீர் எடுத்தன. 1848, 49 காலராவில் லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இனி பம்ப்புக்கு வருவோம்.

1854 ஆகஸ்ட் 31 இரவு, ஸோஹோவின் பிராட் ஸ்ட்ரீட் பகுதியில் நோய் வெடித்தது. பத்தே நாளில் அந்தச் சின்ன வட்டாரத்தில் 500 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தெருமுனையில் ஒரு கைப்பம்ப். தண்ணீர் தெளிவாகவும் சில்லென்றும் இருக்கும், சுற்றுவட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் என்று பேர். ஸ்னோ பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, மைக்ராஸ்கோப்பிலும் வைத்துப் பார்த்தார். குற்றம் சொல்லும்படி உறுதியாக எதுவும் தெரியவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அன்றைய கருவியால் தண்ணீரைப் பார்த்து அவரால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. அதனால் தண்ணீரை விட்டுவிட்டு, இறந்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பதிவாளர் அலுவலகத்திலிருந்து 83 பேரின் விலாசம் வாங்கிக்கொண்டு போனார். ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பம்ப்புக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். வேறு பம்ப் கிட்டத்தில் இருந்த சில வீடுகளிலும் விசாரித்தால், ருசிக்காக இங்கே ஆளனுப்பிப் பிடித்து வந்தோம் என்றார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் பிள்ளைகள் குடித்திருந்தன.

சாகாதவர்களையும் தேடிப் போனார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்தது. பக்கத்திலேயே 535 ஏழைகள் தங்கியிருந்த அரசு விடுதியில் காலராவில் இறந்தவர்கள் ஐந்து பேர்தான். அந்த விடுதிக்குள் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் பீர் தொழிற்சாலை, 70க்கு மேல் ஆட்கள், ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்குத் தினப்படி பீர் உண்டு, அங்கேயும் சொந்தக் கிணறு உண்டு, தெருப் பம்ப் பக்கம் போகவே மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி, துப்பாக்கிக்கான வெடிமூடி செய்யும் தொழிற்சாலை. அங்கே தொழிலாளர்கள் குடிக்க இரண்டு தொட்டிகளில் பம்ப் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். சுமார் 200 பேரில் 18 பேர் இறந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலை முதலாளிகளின் வயதான தாயார், பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட் என்ற மேட்டுப் பகுதியில் இருந்தார். நல்ல காற்று, காலராவே இல்லாத இடம். ஆனால் பழகிய தண்ணீரின் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. பிள்ளைகள் வண்டியில் தினமும் ஒரு பாட்டில் பிராட் ஸ்ட்ரீட் தண்ணீர் அனுப்பிவைத்தார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி அவர் காலராவில் இறந்தார். பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்துவிட்டுப் போன உறவுக்காரப் பெண்ணும் தன் ஊரில் இறந்தார். காற்று என்றால் இந்த இரண்டு சாவுக்கும் விளக்கம் கிடையாது. அம்மாவுக்குப் பிடிக்குமே என்று அனுப்பிய மகன்கள் ஸ்னோவிடம் இதைச் சொல்லும்போது என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 7 மாலை, ஸ்னோ அந்த வட்டாரத்தின் நிர்வாகக் குழு முன் போய் நின்றார். நம் கமிட்டி மாதிரிதான், ஆனால் அவசரக் கூட்டம், எல்லோரும் பீதியில் இருக்கிறார்கள். பம்ப்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள் என்றார். அவர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மறுநாள் கழற்றினார்கள்.

நாம் பள்ளியிலும் வாட்ஸ்அப்பிலும் கேள்விப்பட்ட கதையில் அதோடு நோய் நின்றுவிடும். உண்மை அப்படியில்லை. மக்கள் பாதிக்கு மேல் ஊரைக் காலி செய்திருந்தார்கள், சாவு ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்தது. கைப்பிடியால்தான் நின்றது என்று சொல்ல முடியாது என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். அவருடைய புகழ்பெற்ற வரைபடமும் பின்னால் போட்டதுதான். வரைபடத்தைப் பார்த்து அவர் பம்ப்பைக் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்ததை மற்றவர்களுக்குக் காட்ட வரைபடம் போட்டார்.

கிணற்றுக்குள் விஷம் எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடித்தவர் இன்னொருவர். ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் உதவிப் பாதிரியார், ஸ்னோ சொல்வது தப்பு என்று நிரூபிக்கவே வீடு வீடாக ஏறி இறங்கியவர். விசாரிக்க விசாரிக்க அவரே மனம் மாறினார். பம்ப்புக்கு நேர் எதிரே, 40ஆம் எண் வீட்டில் ஒரு ஐந்து மாதக் குழந்தைக்கு ஆகஸ்ட் கடைசியில் வயிற்றுப்போக்கு. தாய் துணிகளை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரை வீட்டு முன்னால் இருந்த கழிவுக் குழியில் ஊற்றினாள். மறுவருடம் தோண்டிப் பார்த்தார்கள். குழியின் செங்கல் கட்டு இற்றுப்போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. குழந்தையின் தந்தையும் பிறகு காலராவில் விழுந்தார், அவர் துணிகளும் அதே குழிக்குத்தான் வந்தன. அவர் படுத்தது கைப்பிடி கழற்றிய அதே செப்டம்பர் 8. கைப்பிடி இருந்திருந்தால் அந்தத் தெருவில் இரண்டாம் முறை என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களே நினைத்துப் பார்க்கலாம்.

பம்ப் கதையைவிடப் பெரிய வேலை ஒன்றை ஸ்னோ அதே மாதங்களில் தேம்ஸின் தென்கரையில் செய்துகொண்டிருந்தார். அங்கே இரண்டு தண்ணீர் கம்பெனிகள் ஒரே தெருவில் குழாய் போட்டிருந்தன. ஒரு வீட்டுக்கு லாம்பெத் கம்பெனி, அடுத்த வீட்டுக்கு சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி. ஒரே காற்று, ஒரே தெரு, ஒரே வருமானம். லாம்பெத் கம்பெனி 1852இல் தண்ணீர் எடுக்கும் இடத்தைச் சாக்கடை கலக்காத மேல்பகுதிக்கு மாற்றிவிட்டது. மற்றது ஊருக்கு நடுவிலேயே எடுத்தது. சுமார் 3 லட்சம் பேர், தங்களுக்கே தெரியாமல், இரண்டு பங்காகப் பிரிந்து நின்றார்கள்.

ஆனால் எந்தக் கம்பெனி தண்ணீர் வருகிறது என்று கேட்டால் பாதி வீடுகளில் பதில் இல்லை. வரி கட்டுவது வீட்டுக்காரர். (நம்மில் எத்தனை பேருக்கு இன்று குழாயில் வருவது போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்று தெரியும்?) ஸ்னோ அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஊருக்கு நடுவே கடல் ஏற்றம் வந்து போவதால் அங்கே எடுத்த தண்ணீரில் உப்பு அதிகம். சில்வர் நைட்ரேட்டைக் கலந்து பார்த்தால் ஒரு தண்ணீரில் மற்றதைப்போல் சுமார் 40 மடங்கு உப்பு. நாம் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஒவ்வொரு சாவு வீட்டிலும் ஒரு சிறு புட்டித் தண்ணீர் வாங்கி வந்து வீட்டில் சோதித்தார். முதல் ஏழு வாரக் கணக்கில், சதர்க் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 சாவு. லாம்பெத்தின் 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 315க்கு 37.

இதற்குப் பிறகாவது ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அரசின் சுகாதார வாரியம் அமைத்த குழு, பிராட் ஸ்ட்ரீட் தண்ணீர்தான் காரணம் என்பதை ஏற்க மறுத்தது. பம்ப்பின் கைப்பிடியும் பின்னால் திரும்ப மாட்டப்பட்டது. ஸ்னோ தன் நூலைப் பெரிதாக்கி 1855இல் சொந்தச் செலவில் வெளியிட்டார், 200 பவுனுக்கு மேல் கைக்காசு போட்டு. திரும்ப வந்தது அத்தனை ஷில்லிங்கூடத் தேறாது. இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருடம் இன்னொரு அடியும் விழுந்தது. எலும்பு கொதிக்கவைக்கும் ஆலை மாதிரி நாறும் தொழில்களை ஒடுக்க ஒரு மசோதா வந்தது. நாற்றம் நோயைப் பரப்பாது என்று ஸ்னோ நாடாளுமன்றக் குழுவில் சாட்சி சொன்னார். ஆலை முதலாளிகள் பக்கம் நின்று சொன்னார் என்பதால் லான்செட் மருத்துவ இதழ் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டது. இந்த விஷயத்தில் என் அபிப்பிராயம், அவர் கணக்கு சரி, ஆனால் எலும்பு வேகும் வாடையில் குடியிருந்தவர்களின் கஷ்டம் அந்தக் கணக்கில் வரவில்லை. நோய் வராது என்பதற்காக நாற்றத்தைச் சகித்துக்கொள் என்று சொல்ல முடியுமா? நம் குப்பை ஷெட் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேளுங்கள்.

1858 ஜூன் 10 அன்று குளோரோஃபார்ம் பற்றிய தன் புத்தகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் தாக்கியது. 16ஆம் தேதி இறந்தார். வயது 45. லான்செட் சில வரிகளில் செய்தி போட்டது. அதில் மயக்க மருந்து இருந்தது, காலரா இல்லை.

அந்த ஜூன் மாதத்தில்தான் தேம்ஸ் நாறி, நாடாளுமன்றத்தில் உட்கார முடியாமல் போனது. உடனே பணம் ஒதுக்கி, ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளரிடம் மாபெரும் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கொடுத்தார்கள். காரணம் என்னவோ நாற்றம்தான். பலன் கிடைத்தது குடிநீருக்கு.

1866இல் காலரா மறுபடி வந்தபோது, புதுச் சாக்கடை இன்னும் முடியாத கிழக்கு லண்டனில்தான் குவிந்தது. 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஃபார், ஒரு காலத்தில் நச்சுக்காற்றை நம்பியவர், ஸ்னோவுக்கு விலாசங்களும் எண்ணிக்கைகளும் கொடுத்து உதவியவர், இந்த முறை முதல் கேள்வியாகவே எந்தக் கம்பெனி தண்ணீர் என்று கேட்டார். கிழக்கு லண்டன் கம்பெனியின் திறந்த நீர்த்தேக்கம் பிடிபட்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று அறிவிப்பு போனது. காலராக் கிருமியைக் கோக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி எகிப்திலும் கல்கத்தாவிலும் தேடி உறுதிப்படுத்தியது 1884இல். இத்தாலியில் பாசினி என்பவர் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதியதோ 1854லேயே. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிராட் ஸ்ட்ரீட்டுக்கு இப்போது பிராட்விக் ஸ்ட்ரீட் என்று பேர். அங்கே கைப்பிடி இல்லாத ஒரு பம்ப்பை நினைவாக நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஜான் ஸ்னோ பெயரில் ஒரு மதுக்கடை. மதுவிலக்குப் பேசிய மனிதரின் பெயரில்!

சம்ப்பும் செப்டிக் டேங்கும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று காட்டும் பிளானும், கடைசியாக எடுத்த தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் அசோசியேஷன் அலுவலகத்தில் இருக்கின்றன. அறிக்கையில் டிடிஎஸ் வரியோடு நிறுத்திவிடாமல், அதற்குக் கீழே கோலிஃபார்ம் என்று இருக்கும் வரியையும் பாருங்கள். பின்வரிசையில் கேள்வி கேட்டவர் எப்போது வந்தாலும் நான் கூட உட்கார்ந்து பார்க்கத் தயார்.